முதல் பெருநாள் பலகை

அபுதாபியிலிருந்து மேற்கே வரும் நெடுஞ்சாலையில், ருவைஸ் என்ற எண்ணெய் ஆலை ஊருக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னால், லாரிகள் ஒதுங்கி நிற்கிற ஓர் இடம் இருக்கிறது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சின்னப் பள்ளிவாசல், ஒரு டீக்கடை. அவற்றைத் தாண்டி மணல் தொடங்குகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். மேலே பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். கீழே அரபியிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரிகள். இந்த ஊர் உருவாவதற்கு முன்பு இங்கே கூடாரம் போட்டுத் தங்கிய முதல் பணியாளர்கள், தங்களுடைய முதல் நோன்புப் பெருநாளை ஒரே குடும்பமாக அமர்ந்து உண்டு கொண்டாடிய இடம் இது என்று அந்த வரிகள் சொல்கின்றன.

அந்தப் பலகை அங்கே வந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. எண்ணெய் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் நான் எழுத்தர். பழைய வரைபடங்கள், கடிதங்கள், புகைப்படங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அதில் இருப்பது என்ன என்று ஒரு வரி எழுத வேண்டும். என் கணவர் ஆலையில் ஷிஃப்ட் பொறியாளர். அந்த வருடம்தான் மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்த்துவிட்டுத் திரும்பியிருந்தோம். அவர் பகலில் தூங்குகிற வாரங்களில் வீட்டுக்குள் நான் செருப்புப் போட்டு நடப்பதில்லை. மிக்ஸி போடுவதைக்கூட அவர் ஷிஃப்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். மகள் இருந்தவரை இதெல்லாம் ஒரு விளையாட்டு போல இருந்தது. அவள் போன பிறகு, ஆபீஸ் முடிந்து வந்து மறுநாள் ஆபீஸ் போகும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசாத நாட்கள் வந்தன. ஒருநாள் போனில் மகள், "அம்மா, உன் குரலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை. காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

பலகை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதற்கான புகைப்படத்தைத் தேடும் வேலை எனக்கு வந்தது. பல நாள் தேடி ஒரு உறையிலிருந்து எடுத்தேன். மணலில் பாய் விரித்து, பெரிய பெரிய தட்டுகளைச் சுற்றி முப்பது பேர் போல உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் கூடாரங்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிலர் வாயில் சோற்றோடு. இடது ஓரத்தில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறார். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு பெரிய கெட்டில். படத்தின் பின்பக்கம் ஆங்கிலத்தில், 'பெருநாள் விருந்து, எல்லோரும் சேர்ந்து' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

எண் போட்டு வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த நின்றிருந்த ஆளின் தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. அவர் போட்டிருந்த சட்டையின் மார்பில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புக் கோடுகள். பெட்டியிலிருந்து எடுத்து அப்போதுதான் மாட்டிய புதுச் சட்டை. எல்லோரும் சிரிக்கும்போது அவர் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகவெட்டு நம் ஊர்ப் பக்கம் போல இருந்தது. மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்தப் படத்தையே பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து என்று எழுதியிருக்கிறதே, இவர் மட்டும் ஏன் உட்காரவில்லை?

நான்காம் நாள், செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். கணினித் திரையைக் கைபேசியில் படம் எடுத்து, இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'இந்தக் காலத்து ஆட்கள் யாரையாவது யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டிருந்தேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், பிரியாணி நன்றாக இருக்கும் போலிருக்கிறதே என்றார். அதன்பின் யாரோ வீடு மாற்றுவதாகவும் சோபா விற்பனைக்கு இருப்பதாகவும் செய்தி வந்து, என் கேள்வி மேலே போய்விட்டது.

பத்து நாள் கழித்து இந்திய எண்ணிலிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. ஒரு பெண்ணின் குரல். "அக்கா, வணக்கம். நான் பரமக்குடிப் பக்கத்துலேருந்து பேசுறேன். ஏதோ குரூப்புல ஒரு படம் வந்துச்சு. அதுல கெட்டில் வச்சிக்கிட்டு நிக்கிறது எங்க அப்பா. அப்பா இருக்காங்க. உங்ககிட்ட பேசணும்னு சொல்றாங்க."

இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, குரல்செய்தி மட்டும்தான் போகும். சனிக்கிழமை காலையில், கணவர் டூட்டிக்குப் போன பிறகு, நேரடியாகவே அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"படத்துல நிக்கிறது நாந்தேன் தாயி," என்றார். எண்பதை ஒட்டிய குரல், ஆனால் தளரவில்லை. "அங்கன ஜெனரேட்டர் மெக்கானிக்கு. தமிழ் பேசுறதுக்கு நான் ஒருத்தேன்தான். மத்ததெல்லாம் பாகிஸ்தான் பக்கத்துப் பலூச்சி, பட்டாணியன், அப்பறம் மலையாளத்தாளுக. ஒனக்கு எந்த ஊரு?"

"திருச்சிங்கய்யா."

"படத்த எதுக்குத் தேடுற?"

பலகை விஷயத்தைச் சொன்னேன். பிறகு, கேட்கலாமா என்று தயங்கி, கேட்டேன். "எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுறாங்க. நீங்க மட்டும் ஏன்யா நிக்கிறீங்க?"

 

"லாரி வாரத்துக்கு ஒருக்கா வரும்," என்று தொடங்கினார். "அன்னைக்கு வந்ததுல ஆடு, அரிசி, தண்ணி, தபாலு. எனக்கு ஒரு கடுதாசி. எங்கண்ணன் எழுதுனது. ஆத்தா போயி இருவத்திரெண்டு நாளாச்சுன்னு எழுதியிருக்கு. எரிச்சு, காரியம் எல்லாம் முடிஞ்சு போச்சு."

குக்கர் சத்தம் நின்றிருந்தது. யாரோ அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எப்புடித் தாயி சொல்றது? வருசத்துல ஒரு நாளு அம்புட்டுப் பேரும் சிரிச்சுக்கிட்டு இருக்காய்ங்க. அவெங்களும் பொண்டாட்டி பிள்ளையப் பாத்து வருசக்கணக்காச்சு. அங்கன கொண்டுபோயி ஏந் துக்கத்த எறக்கி வைக்கவா? கடுதாசிய மடிச்சு பொட்டிக்குள்ள வச்சேன். சேதி கேட்டா தலை முழுகணும்ல. கடலு அப்பப் பக்கம். போட்ட சட்டையோட எறங்கி மூணு முங்கு முங்குனேன். திரும்பி வந்தா எங்க போர்மேன் எதுக்க வர்றான். பலூச்சி. 'பாய், ஈது பெருநாளுக்குக் குளிச்சிட்டே வந்துட்டியா'ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டான். எல்லாத்துக்கும் ஆளுக்கொரு புதுச் சட்டை வந்துருந்துச்சு. ஈரச் சட்டையக் கழட்டச் சொல்லி அவனே மாட்டிவிட்டான். பொத்தானும் அவனே போட்டான். மாட்டேன்னா ஏன்னு கேப்பான். பேசாம நின்டேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஆத்தா செத்த சேதி வந்த அன்னைக்குப் புதுச் சட்டை போட்ட மகன் ஒலகத்துலயே நான் ஒருத்தேனாத்தான் இருப்பேன்."

"கெட்டில்?"

"உக்காந்தா சாப்புடச் சொல்வாய்ங்க. கறி. எப்புடிச் சாப்புடுறது? அதான் சமையக்காரன் கையிலேருந்து கெட்டில வாங்கிக்கிட்டேன். டீ ஊத்துறவன யாரும் உக்காரச் சொல்ல மாட்டாய்ங்க. அந்த நேரத்துல எவனோ படம் புடிச்சிருக்கான். எனக்குத் தெரியாது."

அவருடைய மகள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் ஒருநாள் அவர் எனக்கு எழுதினார்: 'அப்பா இதை எங்ககிட்ட சொன்னதே இல்ல அக்கா. அம்மா இருந்தவரைக்கும் அம்மாகிட்டயும் சொல்லல.'

நான் போனை வைத்திருக்கலாம். அதற்குள் அவர், "ஒனக்கு ஆத்தா அப்பன் இருக்காகளா தாயி?" என்று கேட்டுவிட்டார்.

"அப்பா இருக்கார். அம்மா கொரோனா சமயத்துல போயிட்டாங்க."

"போனியா?"

"ஃப்ளைட் இல்லைங்கய்யா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். இதுவரை அதோடுதான் நிறுத்தி வந்தேன். ஆனால் அவரிடம் மீதியையும் சொன்னேன். என் கணவரை அப்போது ஆலைக்குள்ளேயே வாரக்கணக்கில் தங்க வைத்திருந்தார்கள். தம்பி போன் செய்து சொன்னபோது, அடுத்த அறையில் மகளுக்கு ஆன்லைனில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்தால் பரீட்சை போய்விடும். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தம்பி ஜூமில் காட்ட, அம்மாவை அவசரமாகத் தூக்கிக்கொண்டு போவதைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பரீட்சை முடிந்து அவள் பசிக்கிறது என்று வந்தாள். தோசை ஊற்றிக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. "இதத் தெரிஞ்சுக்கிட்டேவா தோசை சுட்டுக்கிட்டு இருந்தே?" என்று கேட்டாள்.



"தோசை நல்லா வந்துச்சா?" என்றார் பெரியவர்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "வந்துச்சுங்கய்யா."

"எனக்கும் டீ அன்னைக்கு நல்லாத்தான் ஊத்துச்சு. முப்பது பேருக்கு ஊத்துனேன். ஒரு சொட்டு கீழ சிந்தல."

போனை வைத்த பிறகு சோபாவிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்வதற்கில்லை. வாய்விட்டுப் பேசியதில் தொண்டை வலித்தது.

திங்கட்கிழமை மேலாளரைப் பார்க்கப் போனேன். இந்த நாட்டுப் பெண், என்னைவிட இருபது வயது இளையவர். எல்லாவற்றையும் சொன்னேன், படத்தை வெளியே அனுப்பியதையும் சேர்த்து. முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரையும் கேட்கவில்லை என்றேன். அவர் முகம் இறுகியது. பிறகு படத்தைத் தன் திரையில் திறந்து, ஓரத்தைப் பெரிதாக்கி, அந்தச் சட்டையின் மடிப்புகளை வெகுநேரம் பார்த்தார்.

"பலகையில் இவர் பெயரைப் போட முடியுமா?" என்று கேட்டேன்.

"முப்பது பேர் இருக்கிறார்கள். இவர் பெயரை மட்டும் போட்டால் மற்றவர்களின் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? எல்லோர் பெயரும் கிடைத்தால் கேட்டுப் பார்க்கிறேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. மறுபடி பரமக்குடிக்குப் போன் போட்டேன். அவர் நினைவிலிருந்து பதினோரு பேரைச் சொன்னார். அவை பெயர்களாகவே இல்லை. பெரிய பலூச்சி. சின்ன பலூச்சி. கண்ணாடி போட்ட மலையாளத்தான். ரேடியோக்காரன். தூக்கத்தில் பேசுகிறவன். சமையக்காரனை எல்லோரும் உஸ்தாத், அதாவது ஆசான் என்று கூப்பிட்டார்களாம்.

"இவங்க உங்கள எப்படிய்யா கூப்பிட்டாங்க?"

"மதராஸி," என்றார். "எனக்கும் அங்கன பேரு இல்ல தாயி."

பட்டியலைத் தட்டச்சு செய்து மேலாளரிடம் கொடுத்தேன். அவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், அதை எனக்கும் காட்டினார். நல்ல கடிதம். வாசகம் ஏற்கெனவே ஒப்புதல் ஆகிவிட்டது, மாற்ற இயலாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. "கலாஸ்," முடிந்தது என்று மெல்லச் சொல்லிவிட்டு, அந்தப் பட்டியலையும் பெரியவர் சொன்ன கதையை நான் எழுதி வைத்திருந்த தாளையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டு, படத்தின் கோப்பிலேயே சேர்க்கச் சொன்னார். இன்றும் அந்தப் படத்தின் எண்ணைத் தட்டினால் அந்தத் தாளும் சேர்ந்து வரும். தட்டுகிறவர்கள் யாரும் இல்லை, அது வேறு விஷயம்.

பெயர் வராவிட்டாலும் படம் வருமே என்று ஆறுதலாக இருந்தேன். பெரியவரின் மகளிடமும் அப்படித்தான் சொன்னேன். பலகை வைத்ததும் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்.

பலகை வைத்த மறுநாள், ஆபீஸில் இருந்த ஒருவர் அதைப் படம் எடுத்து வந்து காட்டினார். அரபி வாசகத்துக்கு இடம் போதாமல் வடிவமைப்பாளர் புகைப்படத்தின் இடது பக்கத்தை வெட்டியிருந்தார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஓரத்தில் ஒரு முழங்கையும், கெட்டிலின் மூக்கும் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. மற்றபடி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் நான் பரமக்குடிக்கு ஒன்றும் அனுப்பவில்லை. 'பலகை வச்சாச்சா அக்கா?' என்று இரண்டு முறை செய்தி வந்தது. பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தேன். நான் பதில் போடாமல் இருக்கிற ஆள் இல்லை.

கடைசியில் கணவருடைய ஆஃப் நாளில், அவரை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போனேன். நல்ல காற்று. பலகையின் காலடியில் மணல் மேடிட்டிருந்தது. அதன் நிழலில் இரண்டு லாரி டிரைவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் படம் எடுக்க வந்திருக்கிறோம் என்று புரிந்துகொண்டு நகர்ந்தார்கள். வேண்டாம் பாய், உட்காருங்கள் என்றேன். அவர்கள் கேட்காமல் லாரி நிழலுக்குப் போய்விட்டார்கள். கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். வேலியும் குழாய்களும் தெரிந்தன. கடல் தெரியவில்லை.

"இதுல எங்க அவரு?" என்று கணவர் கேட்டார்.

"வெட்டிட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கடைப் பக்கம் போனார். அவரிடம் நான் இந்தக் கதையைப் பாதிதான் சொல்லியிருந்தேன்.

படம் எடுத்தேன். அனுப்புவதற்கு முன்னால் பெரியவரிடமே சொல்லிவிடுவது என்று அங்கே நின்றே போன் போட்டேன்.

"ஐயா, பலகை வச்சிட்டாங்க. ஆனா படத்துல நீங்க வரலைங்கய்யா. ஓரத்த வெட்டிட்டாங்க. வச்ச பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. மன்னிச்சிருங்க."

காற்றில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. காதை இன்னொரு கையால் பொத்திக்கொண்டேன்.

"சட்டை தெரியுதான்னு கேட்டேன்."

"இல்லைங்கய்யா. கை மட்டும் கொஞ்சம் தெரியுது."

"அப்ப நல்லதாப் போச்சு. அந்தச் சட்டையோட ரோட்டுல நிக்க வேணாம்ல. நீ மனசப் போட்டு ஒழட்டிக்காத தாயி." சொல்லிவிட்டுப் போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு வெளியே வருவது கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "அப்பா போயிப் படுத்துட்டாங்க அக்கா. மூணு வாரமா தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க. அரபு நாட்டுல ரோட்டோரத்துல ஏம் படம் நிக்கிதுன்னு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு வந்து கேட்டுட்டுக்கூடப் போனாரு. பரவாயில்ல விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க."

அவர் நல்லதாகப் போயிற்று என்று சொன்னதை நான் நம்பியிருந்தேன். கொஞ்சம் நிம்மதிகூட அடைந்திருந்தேன். அதுதான் எனக்குப் பிறகு பல நாள் உறுத்தியது.

மேலாளரிடம் இந்த முறை கேட்டுவிட்டே, முழுப் படத்தையும் பெரிதாக அச்சடித்தேன். லீவில் ஊருக்குப் போகிற ஒரு வெல்டர், முதுகுளத்தூர்க்காரர், பரமக்குடி வழியாகத்தான் போவேன் என்று வாங்கிக்கொண்டார். ஊருக்குக் கட்டிய அட்டைப் பெட்டிக்குள் மடங்காமல் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதைச் சட்டம் போட்டு வாசல் அறையில் மாட்டியிருப்பதாகப் பெரியவரின் மகள் எழுதினார். வருகிறவர்களிடம், "டீ ஊத்துறது நாந்தேன், முப்பது பேருக்கு நான் ஒருத்தேன்," என்று காட்டுகிறாராம். வேறொன்றும் சொல்வதில்லையாம்.

அடுத்த லீவில் திருச்சிக்குப் போனேன். அங்கிருந்து பரமக்குடிக்கு ஒரு காலைப் பொழுதுப் பயணம்தான். நாளைக்குப் போகலாம் என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போகவில்லை. நேரில் போய் எதைப் பேசுவது என்று தெரியவில்லை. மகளிடம்கூட அந்தத் தோசை விஷயத்தை இன்னும் பேசவில்லை. ஒருமுறை ஆரம்பித்தேன். அவள் ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்று வேறு பக்கம் போய்விட்டாள்.

இப்போதும் பெரியவரிடமிருந்து குரல்செய்தி வரும். கண்மாய் நிறைந்துவிட்டது என்பார். ஒனக்கு அங்கன வெயிலு எப்புடி என்பார். நானும் பதில் அனுப்புவேன். போன வாரம் வந்ததில் பேச்சே இல்லை. தெரியாமல் பொத்தானை அழுத்திவிட்டார் போலிருக்கிறது. ஒன்றரை நிமிடம் இருந்தது. இருமினார். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரையோ, "இந்தப் பக்கம் வாய்யா," என்று கூப்பிட்டார். நான் அதைக் கடைசிவரை கேட்டேன்.